செயலாளர் இல்லாத ஒரு மாதம்: இயலளவு விருத்தி என்றால் என்ன?

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு சிறிய சங்கம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் நாற்பது பேருக்கு மாலை நேரத்தில் தமிழும் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பதற்காக அயலவர்கள் சிலர் கூடித் தொடங்கிய சங்கம் அது. தலைவர் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு வர்த்தகர். செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாரும் ‘டீச்சர்’ என்றே அழைக்கும் அவர்தான் நேரசூசி எழுதுகிறார், தொண்டர் ஆசிரியர்களுக்குத் தொலைபேசி எடுக்கிறார், நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறார், பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தம் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். ஒரு நாள் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடக்கிறது; ஒரு மாதம் வீட்டில் இருக்கும்படி வைத்தியர் சொல்கிறார். முதல் வாரத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் நன்கொடை கொடுக்க வந்தவரிடம் பற்றுச்சீட்டு எழுத ஆளில்லை. மூன்றாம் வாரத்தில், அலுமாரிச் சாவி எங்கே என்று கேட்டு அவருடைய வீட்டுக்கே ஒருவர் போகவேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கத்திடம் அன்பும் உழைப்பும் இருக்கின்றன. அயலில் நல்ல பெயரும் இருக்கிறது. அதனிடம் குறைவாக இருப்பது இயலளவு. ஓர் அமைப்பு தான் ஏற்றுக்கொண்ட பணியை, ஆட்கள் மாறினாலும் பணம் ஏறி இறங்கினாலும், தொடர்ந்து செய்துகொண்டிருப்பதற்குரிய ஆற்றலையே இயலளவு என்கிறோம். அந்த ஆற்றலைத் திட்டமிட்டு வளர்ப்பது இயலளவு விருத்தி. இலங்கையின் அலுவலகத் தமிழில் இதனைக் கொள்ளளவு அபிவிருத்தி என்று எழுதுவோரும் உள்ளனர். தமிழ்நாட்டில் திறன் மேம்பாடு என்பர். திறன் என்ற சொல் தனியொருவரையே நினைவூட்டுவதாலும், கொள்ளளவு என்பது தண்ணீர்த் தாங்கியை நினைவூட்டுவதாலும், நான் இயலளவு என்பதையே விரும்புகிறேன்.

இயலளவை மூன்று நிலைகளில் வைத்துப் பார்ப்பது இத்துறையில் வழக்கம். முதலாவது ஆட்கள்: அவர்களுடைய அறிவு, பழக்கம், துணிவு. இரண்டாவது அமைப்பு: அதன் யாப்பு (அதாவது அமைப்பு விதிகள்), கூட்டங்கள், கணக்கேடுகள், முடிவெடுக்கும் முறை. மூன்றாவது அமைப்பைச் சூழ்ந்துள்ள நிலைமை: சட்டங்கள், வங்கிகள், நிதி வழங்குநர்களின் விதிகள், மக்களின் நம்பிக்கை. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் ஏறத்தாழ இவ்வாறே பிரிக்கிறது. நடைமுறையில் நிகழும் பெரும்பாலான பயிற்சிகள் முதலாவது நிலையையே தொடுகின்றன. கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு நடக்கும். வளவாளர் ஒருவர் திரையில் படங்காட்டிப் பேசுவார். பங்குபற்றுநர்கள் சான்றிதழுடன் வீடு திரும்புவார்கள். அவர்களுள் ஒருவர் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போனால், அவர் கற்றதும் அவருடனேயே போய்விடும். செயலமர்வில் பெற்ற அறிவு சங்கத்தின் அலுமாரிக்குள்ளும் கூட்டறிக்கைக்குள்ளும் மாதாந்தப் பழக்கத்துக்குள்ளும் நுழையும்போதுதான் அது இரண்டாவது நிலைக்கு வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இந்த நகர்வையே.

மூன்றாவது நிலையாகிய சூழலைப் பற்றிச் சிறிதளவு சொன்னால் இங்கே போதும். இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பு சட்டப்படி இயங்குவதற்குப் பல வழிகள் உள்ளன. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் அமையலாம். நம்பிக்கைப் பொறுப்பாகவும், அதாவது அறக்கட்டளையாகவும், உருவாகலாம். அரிதாக, பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிக் கூட்டிணைப்பதும் உண்டு. கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கனதொளுவ என்ற கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு (கூலியில்லாப் பொதுப்பணிக்கு) அழைத்துச் சென்றதிலிருந்து பிறந்த சர்வோதய இயக்கம், 1972இல் அவ்வாறு பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. ஒரு விடுமுறைக்கால முகாமாகத் தொடங்கிய முயற்சி சட்டப்படியான நிறுவனமாவதற்கு இடையில் பதினான்கு ஆண்டுகள் சென்றிருக்கின்றன. சிறிய சங்கங்களை ஆறு மாதத்தில் ‘வலுப்படுத்தி’ முடிக்கத் திட்டமிடுவோர் இந்தப் பதினான்கு ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நல்லது.

இனித் தலைமைத்துவப் பயிற்சிக்கு வருவோம். தலைமைத்துவம் என்றதும் மேடைப்பேச்சும் கம்பீரமும் நினைவுக்கு வருகின்றன. ஒரு சிறிய சங்கத்தின் தலைவருக்குத் தேவையானவை வேறு. கூட்டத்தை உரிய நேரத்தில் தொடங்கி, நிகழ்ச்சிநிரலின்படி நடத்தி, பேசாதிருப்பவரைப் பேசவைத்து, முடிவு என்ன என்பதை எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லி முடிப்பது ஒரு திறமை. ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் அதைத் தம் முறையில் செய்யும்போது பொறுத்திருப்பது அதைவிடக் கடினமான திறமை. வரவுசெலவுக் கூற்றைப் படித்து விளங்கிக்கொள்வது, இரு உறுப்பினர்களிடையே பிணக்கு எழும்போது ஒருபக்கம் சாயாமல் இருவரையும் கேட்பது, ஒரு நிதியுதவி சங்கத்தின் நோக்கத்துக்குப் பொருந்தவில்லையென்றால் நன்றி சொல்லி மறுப்பது ஆகியவையும் கற்றுக்கொள்ளக்கூடியவை. இவற்றை விரிவுரையால் கற்பிக்க முடியாது. அடுத்த கூட்டத்தை ஒருவர் நடத்த, அனுபவமுள்ள இன்னொருவர் ஓரமாக அமர்ந்து கவனித்து, கூட்டம் முடிந்தபின் தனியாக அவருடன் பேசுவது பத்து விரிவுரைகளைவிடப் பயன்தரும்.

நம்முடைய அமைப்புகளில் தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கமுடியாத ஒரு விடயம் உண்டு. தலைவர் பெரும்பாலும் வயதிலும் மதிப்பிலும் மூத்தவர். அவரை ‘ஐயா’ என்றோ ‘சேர்’ என்றோ அழைத்துப் பழகிய உறுப்பினர் ஒருவர், கூட்டத்தில் எழுந்து, போன மாதச் செலவில் இந்த 15,000 ரூபாய் எதற்காக என்று கேட்டால், மண்டபம் அமைதியாகிவிடும். “ஐயாவில நம்பிக்கை இல்லையோ?” என்று பக்கத்தில் இருப்பவர் மெதுவாகக் கேட்பார். கேள்வி கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிக்கொண்டே, பொதுப்பணத்தை அளந்து காட்டும்படி கேட்பதை அவமதிப்பாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நேர்மையான தலைவரையே இது கூடுதலாகப் பாதிக்கிறது. ஏனெனில், பின்னொரு நாளில் யாராவது பழி சொன்னால், தம் நேர்மையைக் காட்டுவதற்கு அவரிடம் எழுத்தில் எதுவும் இருக்காது. எனவே நல்ல தலைமைத்துவப் பயிற்சி, கேட்கப்படும்வரை காத்திராமல் தாமாகவே கணக்கை முன்வைக்கத் தலைவரைப் பழக்குகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாளர் ஒற்றைத் தாளில் மாதக் கணக்கை வாசிப்பது வழக்கமாகிவிட்டால், கேள்வி கேட்பது யார்மீதும் சந்தேகப்படுவதாகத் தோன்றாது.

நிதிமுறை என்பது இதே எண்ணத்தின் எழுத்து வடிவம். அதன் அடிப்படை மிக எளியது: செலவை அனுமதிப்பவர் ஒருவர், பணத்தைக் கொடுப்பவர் இன்னொருவர், ஏட்டில் பதிபவர் வேறொருவர். மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் தவறு நடந்தாலும் தெரியாது. காசோலைக்கு இரண்டு கையொப்பங்கள் தேவை. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைப்பது அந்த விதியைப் பொருளற்றதாக்கும். சிறு செலவுகளுக்கு ஒரு குறித்த தொகையை ஒதுக்கி, செலவான அளவை மட்டும் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மீள நிரப்பும் முற்பண முறையைச் சில்லறைக் காசேட்டில் பின்பற்றலாம். மாத முடிவில் சங்கத்தின் காசேட்டையும் வங்கி அனுப்பும் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு ஏன் வந்தது என்று எழுதிவைக்க வேண்டும். உயர்தரத்தில் கணக்கீடு படித்த ஓர் இளைஞருக்கு இது தெரிந்த வேலை. அப்படியான இளைஞர்கள் வெள்ளவத்தையிலும் மட்டக்குளியிலும் ஏராளம் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஊழியரை அமர்த்தும் கட்டம் வரும்போது இன்னொரு வகையான அறிவு வேண்டும். மாதம் 60,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் இணைப்பாளரை அமர்த்த எண்ணும் நிறுவனம், வரவுசெலவுத் திட்டத்தில் 60,000 என்றே எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்தருநர், ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதத்தைக் கழித்து, தம் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். அப்படிப் பார்த்தால், ஊழியரின் கையில் 55,200 ரூபாய் சேரும். நிறுவனத்துக்கு 69,000 ரூபாய் செலவாகும். ஆண்டுக்கு 108,000 ரூபாய் திட்டத்தில் இல்லாமலே வெளியே போகும். மிகச் சிறிய தொண்டு நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உள்ளதால், தமது நிலை என்ன என்பதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊழியர் எண்ணிக்கை கூடி விலக்கு நீங்கும் நாளை எதிர்பார்த்துத் திட்டமிடுவதும் இயலளவில் அடங்கும்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் இயலளவு விருத்தியின் மிக நெருக்கடியான இடம். நிதி வழங்குவோர் பிள்ளைகளின் கொப்பிக்கும் ஆசிரியரின் போக்குவரத்துக்கும் மனமுவந்து பணம் தருவார்கள். அலுவலக வாடகை, மின்கட்டணம், கணக்காய்வாளரின் கட்டணம், கணினி பழுதுபார்த்தல் என்று சொன்னால் தயங்குவார்கள். இவற்றை மறைமுகச் செலவுகள் என்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுதவி மானியங்களில் இவற்றுக்கான உச்சவரம்பு நேரடிச் செலவின் 7 சதவீதமாக இருந்துவருகிறது. ஓராண்டு நேரடிச் செலவு 20 இலட்சம் ரூபாயாக உள்ள ஒரு செயற்றிட்டத்தில் 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 140,000 ரூபாய். மாதத்துக்கு 12,000 ரூபாய்கூட வராது. பெரிய நிறுவனம் பல செயற்றிட்டங்களின் 7 சதவீதங்களைச் சேர்த்து ஓர் அலுவலகத்தை நடத்தலாம். ஒரேயொரு செயற்றிட்டம் வைத்திருக்கும் சங்கத்தால் முடியாது. முடியாதபோது என்ன நடக்கிறது? கணக்காய்வு தள்ளிப்போகிறது, பதிவேடுகள் பின்தங்குகின்றன. அடுத்த முறை நிதி கேட்கும்போது, உங்கள் முறைமைகள் பலவீனமாக உள்ளன என்று அதே வழங்குநர் மறுக்கிறார். இந்தச் சுழலிலிருந்து சங்கங்கள் தனியாக வெளியேற முடியாது. பயிற்சி கொடுக்க விரும்பும் வழங்குநர், பயிற்சியில் கற்றதைச் செய்வதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். கணக்கு மென்பொருளைக் கற்பித்துவிட்டு, அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மறுப்பது நியாயமாகாது.

கொழும்பின் தமிழ்பேசும் அமைப்புகளுக்கு இதற்கும் மேலாக மொழிப் பிரச்சினை ஒன்று உண்டு. உறுப்பினர்கள் தமிழில் கூடிப் பேசுகிறார்கள். அரச அலுவலகத்தில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. நிதி வழங்குநரின் முன்மொழிவுப் படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியது. அந்த உரிமையைப் பயன்படுத்தித் தமிழில் கடிதம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆயினும் படிவத்தின் ஆங்கிலம் மாறப்போவதில்லை. இதன் விளைவு அமைதியாக நிகழ்கிறது: ஆங்கிலம் தெரிந்த ஒருவர் முன்மொழிவை எழுதுகிறார், வழங்குநருடன் பேசுகிறார், பயிற்சிக்கு அவரே போகிறார், எந்தச் செயற்றிட்டத்தை ஏற்பது என்று முடிவெடுப்பவரும் காலப்போக்கில் அவரே ஆகிவிடுகிறார். அவர் தீய எண்ணம் கொண்டவராக இருக்கவேண்டியதில்லை. வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளின் நிலையை அறிந்த அக்காவின் குரல், படிவத்தின் மொழி தெரியாத காரணத்தால் மட்டும், மேசையை எட்டுவதில்லை. ஆகவே தமிழ்பேசும் சங்கங்களுக்கான பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். கைந்நூல்கள் தமிழில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முன்மொழிவும் அனுப்பப்படுவதற்கு முன் தமிழில் சுருக்கி நிர்வாகக் குழுவுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். வாசித்துக் காட்டுவதற்கு அரை மணித்தியாலம் போதும். ஆங்கிலம் தெரிந்தவரிடம் சேர்ந்த அதிகாரம் அந்த அரை மணித்தியாலத்தில் குழுவுக்குத் திரும்பி வருகிறது.

உள்ளூர் அமைப்புகளை வலுப்படுத்துவது பற்றி உலக அளவில் இப்போது அதிகம் பேசப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் இலங்கையின் அனுபவத்துக்கும் இடமிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி தாக்கியபின் வெளிநாட்டு நிறுவனங்கள் பெருந்தொகையாக வந்திறங்கின. உள்ளூர் அமைப்புகளில் ஆண்டுக்கணக்கில் பழகிய ஊழியர்கள் கூடுதல் சம்பளத்துக்கு அங்கே போனார்கள். அவர்களை வளர்த்த அமைப்புகள் வெறுமையாகின. சுனாமி உதவிப்பணிகளைப் பல நிறுவனங்கள் கூட்டாக மதிப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டபோது, வெளியிலிருந்து வந்தோர் உள்ளூர் இயலளவைத் துணைகொள்வதற்குப் பதிலாகப் பல இடங்களில் ஓரங்கட்டினர் என்று கண்டறிந்தனர். பின்னர், 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குச் சேர்ப்பது என்று நிதி வழங்கும் நாடுகளும் பெரிய நிறுவனங்களும் உடன்பட்டன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. அதே 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியபோது, அயலிலிருந்த பள்ளிவாசல்களும் விகாரைகளும் கோயில்களும் இளைஞர் குழுக்களும் சோறு சமைத்துக்கொண்டிருந்தன. அவர்களை எந்த மாநாடும் அழைத்திருக்கவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதியுடன் அந்த அரசின் வெளிநாட்டு உதவி முகவரகமான யூ.எஸ்.எயிட் உதவி வழங்கும் பணியையே விட்டது. ஒரேயொரு வழங்குநரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது பல நாடுகளின் அமைப்புகளுக்கும் ஒரே வாரத்தில் தெரிந்தது. மூன்று மாதச் செலவுக்காவது ஒரு சேமிப்பு வைத்திருப்பதும், உறுப்பினர் சந்தாவையும் அயலிலுள்ள கடைக்காரர்களின் மாதாந்த நன்கொடையையும் சிறிதென்று தள்ளாமல் வளர்ப்பதும் இங்கே பொருள் பெறுகின்றன. நம் ஊர்களின் மரண உதவிச் சங்கங்கள் வெளிநாட்டு நிதி ஒரு சதமும் இல்லாமல், மாதச் சந்தாவிலும் ஓர் ஏட்டிலும் தலைமுறைகளாக நின்றுபிடித்திருக்கின்றன. இயலளவு விருத்திக்கு மாதிரி தேடுவோர் முதலில் அங்கே போய் அமர்ந்து பார்க்கலாம்.

வேலையை எப்படித் தொடங்குவது? பொதுவான முறை, அமைப்பே தன்னைத் தான் மதிப்பிட்டுக்கொள்வது. ஆட்சிமுறை, நிதி, ஊழியர், திட்டமிடல், மக்களுடனான உறவு போன்ற தலைப்புகளில் சங்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வோர் உறுப்பினரும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுவார்கள். புள்ளியைவிடப் புள்ளி பற்றிய பேச்சே முக்கியம். தலைவர் நான்கு என்றும் இளைய உறுப்பினர் இரண்டு என்றும் எழுதியிருந்தால், ஏன் அந்த வேறுபாடு என்று பேசுவதிலிருந்துதான் உண்மையான தேவை வெளிப்படும். அதன்பின் ஓர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. பயிற்றுநர் மாதம் ஒருமுறை வந்து, அந்த மாற்றம் நடந்ததா என்று அவர்களுடன் அமர்ந்து பார்ப்பார். இன்னொரு சங்கத்துக்குப் போய் அவர்களுடைய ஏடுகளைக் கண்ணால் பார்த்து வருவதும் மிகப் பயனுள்ளது.

பயிற்சி பயன்தந்ததா என்று அறிவதற்கு, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகள் இன்றும் உதவுகின்றன: பங்குபற்றியோருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றார்களா, வேலைத்தலத்தில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா. செயலமர்வின் முடிவில் நிரப்பும் படிவம் முதற்படியோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் படியைக் காண ஆறு மாதம் கழித்துச் சென்று காசேட்டைத் திறக்க வேண்டும்.

நம் கொட்டாஞ்சேனைச் சங்கத்துக்குத் திரும்புவோம். அவர்கள் பெரிதாக எதையும் தொடங்கத் தேவையில்லை. டீச்சர் குணமாகி வந்ததும், தாம் ஒரு மாதத்தில் செய்யும் வேலைகளை ஒரு கொப்பியில் நாள்வாரியாக எழுதவேண்டும். ஆசிரியர்களின் தொலைபேசி இலக்கங்களை அதன் பின்பக்கத்தில் சேர்க்கவேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உதவிச் செயலாளர் ஒருவரைத் தெரிவுசெய்யவேண்டும். முன்னர் இதே வகுப்பில் படித்து இப்போது வேலைக்குப் போகும் ஒரு பெண் பிள்ளையாக அவர் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று மாதம் கூட்டறிக்கையை அவர் எழுத, டீச்சர் திருத்திக்கொடுக்கலாம். நான்காம் மாதத்திலிருந்து திருத்தாமலும் விடலாம். பற்றுச்சீட்டுப் புத்தகம் கைப்பையிலிருந்து அலுமாரிக்குப் போக, அலுமாரிச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். மறு ஆண்டு டீச்சருக்கு மற்றக் கண்ணிலும் சத்திரசிகிச்சை நடக்கும்போது, மாலை நான்கு மணிக்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை மேசையில் வைத்திருப்பார்.